ஏற்காட்டில் முதல் நாள்

ஏற்காட்டில் போய் இறங்குகிற முதல் நாளுக்கு எங்கள் மாமா ஒரு மாதமாகத் திட்டம் போட்டார். அம்மாவின் தம்பி அவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்து இராசிபுரத்துக்கு அந்தப்பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். வந்ததும் களத்தில் குந்திக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் கோடு கிழிப்பார். "இதுதானுங்க மச்சான் ஏரி. இது ரோடு. போட்டுல, படகுல ஏறற எடம் இங்க. நாம இங்க இருக்கறோம்" என்பார். அப்பா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்ட வருடம் அது. மரவள்ளிக் குச்சிக்கிழங்குச் செடிகள் எங்கள் காட்டில் தலை தொங்கி நின்றன. தண்ணீர் என்று எதை வரைந்து காட்டினாலும் அப்பாவின் கண் அதில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நகரும்.

எங்கள் வீதியில் அதுவரை யாரும் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஓர் ஊருக்குப் போனதில்லை. பழனிக்குப் போவார்கள், ஆடியில் கொல்லிமலைக்குப் போவார்கள், எழவு விழுந்தால் எங்கே வேண்டுமானாலும் போவார்கள். லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கி, பூவையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு வரப் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"பாக்கறதுக்குன்னே போறீங்களா?"

"ஆமாங்க. புள்ள ரொம்ப ஆசப்படுது" என்று அம்மா என்னைக் கைகாட்டினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அப்போது நாலாவது படிக்கிற சின்னப் பெண். ஏற்காட்டுக்குப் போக வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அம்மாவே சொல்லும்போது கேட்டிருப்பேன்போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் போதமலைதான் தெரியும். ஏற்காடு அதற்கும் அப்பால் எங்கோ இருந்தது. அங்கே குளிரும், ஏரியில் படகு ஓடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இவ்வளவு போதும் என்றுதான் இருந்தேன். எனக்காக ஒரு குடும்பமே மலையேறப் போகிறது என்ற எண்ணத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் நான் நடந்த நடை வேறு.

போனது அக்காவுக்காக. அக்காவைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் அங்கே வருவதாக ஏற்பாடு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இரண்டு குழந்தைகள் தங்காமல் போனதால், நான் நாலாவது படிக்கும்போதே அவளுக்குக் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. அவள் நல்ல உயரம். எங்கள் வீட்டில் அவளைவிட உயரமானது தென்னை மரம்தான் என்று மாமா ஒருமுறை விளையாட்டாகச் சொல்லி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பரணில் இருக்கும் எதையும் அவள் முக்காலி போடாமல் எடுப்பாள். சோளத்தட்டுக் கட்டுகளைக் கீழேயிருந்தே போரின் உச்சிக்கு எறிவாள். பார்க்க வந்த பையன்களில் பாதிப்பேர் அவள் தோளுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டை மெழுகி, பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் வாங்கி, கேசரி கிண்டி வைப்பார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்து நிலைப்படிக்குப் பக்கத்தில் நிற்பாள். வந்த பெண்களில் ஒருத்தி எழுந்து, "எங்க, இப்படி எம்பக்கத்துல வந்து நில்லு சாமி" என்பாள். நின்றதும் அந்தப் பெண்ணின் முகம் மேலே நிமிரும். பிறகு எல்லோரும் கேசரி சாப்பிடுவார்கள். போகும்போது, "போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்பார்கள்.

சொல்லியனுப்புவது என்ற ஒன்றை யாரும் செய்ததில்லை. மறுநாள் காலையிலிருந்து ஊர்க்காரர்கள்தான் கேட்பார்கள். டீக்கடையில், மாட்டு ஆஸ்பத்திரியில், கிழங்கு லோடு ஏற்றும் இடத்தில் "என்னாச்சுங்க, பொருந்தி வந்துச்சா?" என்று ஒவ்வொருவரும் அக்கறையோடு கேட்பார்கள். அந்த அக்கறைக்குப் பதில் சொல்லிச் சொல்லி அப்பா களைத்துப்போனார். கடைசியில் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். அக்கா நடக்கும்போது தோளைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக் குனிந்து நடக்கப் பழகியிருந்தாள். வாசல்படியில் தலை இடிக்காமல் இருக்கத்தான் அப்படிக் குனிகிறாள் என்று நினைத்திருந்தேன். வாசலே இல்லாத காட்டிலும் அவள் அப்படியேதான் நடந்தாள்.

மாமாவின் யோசனை இங்கேதான் வந்தது. வீட்டுக்கு வரவழைத்தால்தானே ஊருக்குத் தெரிகிறது? வெளியூரில், ஒரு சுற்றுலா இடத்தில், தற்செயலாகச் சந்தித்ததுபோல வைத்துக்கொண்டால்? சரிவந்தால் சந்தோஷம். வராவிட்டால், நாம் ஏற்காடு பார்க்கப் போனோம், பார்த்துவிட்டு வந்தோம். பையன் சேலத்தில் கவர்மென்ட் வேலை. மாமாவின் பட்டறை முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். அவர்களும் அந்தச் சமயம் ஏற்காட்டில் ஓர் உறவுக்காரர் எஸ்டேட்டுக்கு வருகிறார்கள். சாயங்காலம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு வருவார்கள்.

"அதுவுமில்லாம மச்சான், பார்க்குல பெஞ்சு இருக்குது. அம்மிணி உக்காந்திருக்கட்டும். உக்காந்திருக்கற பொண்ணுக்கு ஒசரம் ஏதுங்க?"

அப்பா, "பொறகு எப்ப இருந்தாலும் எந்திரிக்கோணுமில்ல மாப்ள" என்றார்.

"அது பேசி முடிச்ச பொறகுதானுங்களே."

இந்த உரையாடல் எல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. நான் அப்போது நேரில் பார்த்தது ஒத்திகையை மட்டும். மாமா களத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வருவார். கட்டிலில் அப்பா, அக்கா, அம்மா வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கட்டில்தான் பெஞ்சு. மாமா பாதி வழியில் சட்டென்று நின்று, இல்லாத ஒருவரைப் பார்த்து, "அட! ஏனுங்க, நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று கையை விரித்து ஆச்சரியப்படுவார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மச்சான், இவங்களத் தெரியுமில்லீங்க?" என்பார். அப்பா பாதி எழுந்து கும்பிட வேண்டும். அக்கா எழக்கூடாது. முதல்முறை அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடம் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இரண்டாவது ஒத்திகையில் அவள் சிரிக்கவில்லை. என் வேடம் என்னவென்று கேட்டேன். "நீ எங்காச்சும் அக்கட்டால போயி வெளையாடு சாமி" என்றார் மாமா.

போகிற நாளும் வந்தது. எருமையைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, விடிவதற்கு முன்பே கிளம்பி, இராசிபுரத்தில் ஒரு பஸ், சேலத்தில் ஒரு பஸ் என்று மாறினோம். மாமா அங்கே எங்களுக்காக நின்றிருந்தார். புது டெர்லின் சட்டை, கறுப்புக் கண்ணாடி. என் கையில் எங்கள் டீச்சர் வீட்டில் இரவல் வாங்கிய கம்பளிக் குல்லாய் இருந்தது. சேலம் வெயிலிலேயே அதைப் போட்டுக்கொண்டேன். அக்காவுக்கு ஜன்னலோரம் கொடுத்து, மூக்குக்கு நேராக எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைவுகளில் வாந்தி வந்து முகம் வாடிவிடக் கூடாதாம். அதற்காகவே அக்காவுக்குக் காலையில் எதுவும் கொடுக்கவில்லை. அக்கா வாந்தி எடுக்கவில்லை. அம்மாதான் ஏழெட்டு வளைவு தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். அக்கா அம்மாவின் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டே மலை முழுக்க வந்தாள்.

லாட்ஜில் ஒரே ரூம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், இரண்டு கட்டில். மாமாவின் திட்டப்படி வெந்நீர் ஒரு வாளி, அதுவும் அக்காவுக்கு மட்டும். அம்மா பெட்டியைத் திறந்து அரக்குப் பட்டுச்சேலையை எடுத்தாள். நான் படகைப் பற்றிக் கேட்டேன். "மொதல்ல பார்க்கு, பொறகு போட்டு" என்றார் மாமா. ஏரியைப் பார்க்கப் போவதற்கு யாராவது பட்டுச்சேலை கட்டுவார்களா என்று கேட்டேன். அம்மா அக்காவின் தலையில் பூவை வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தாள். "செருப்பு வேண்டாம், வெறுங்காலோட வா சாமி" என்றாள். செருப்பின் கனம் அரை விரல்கூட இருக்காது.

பூங்காவில் மாமா சொன்ன பெஞ்சு அதே இடத்தில் இருந்தது. ஏரியைப் பார்த்தபடி, ஒரு மரத்தடியில், சாலைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் போட்டிருந்தார்கள். அப்பா, அக்கா, அம்மா, களத்துக் கட்டிலில் இருந்த அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமா பூங்கா வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நடை போட்டார். அவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள், ஆனால் பெஞ்சை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக மதியத்திலேயே வந்துவிட்டோம்.

பிறகு நடந்ததெல்லாம் உட்கார்ந்திருந்ததுதான். ஒவ்வொரு கும்பல் வாசலில் நுழையும்போதும் மாமா கண்ணாடியைக் கழற்றுவார், அம்மா அக்காவின் முந்தானையை நேராக்குவாள், அப்பா துண்டை எடுத்துத் தோளில் போடுவார். அந்தக் கும்பல் கடந்து போனதும் மூவரும் பழையபடி தளர்வார்கள். காலேஜ் பையன்கள், கைக்குழந்தையோடு ஒரு ஜோடி, பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பூ பார்த்தார்கள், படகு ஏறினார்கள், சோளக்கதிர் வாங்கித் தின்றார்கள். அக்கா நிமிரவும் இல்லை, திரும்பவும் இல்லை. பட்டுச்சேலையின் மடிப்புக் கலையாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு, ஏரியில் எங்கோ ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பசித்திருக்கும். நான் என் கதிரில் பாதியை நீட்டினேன். பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா தடுத்துவிட்டாள்.

"அம்மா, போட்டுக்குப் போலாம்மா."

"இரு சாமி, சித்த நேரம்."

இதையே பலமுறை கேட்டு, பலமுறை இதே பதிலை வாங்கினேன். குளிரும் என்று சொன்ன ஊரில் வெயில் வேறு அடித்தது. குல்லாய்க்குள் தலை வேர்த்து அரித்தது. அதைக் கழற்றி மேலே எறிந்து பிடிக்கிற விளையாட்டை ஆரம்பித்தேன். முதலில் கொஞ்ச உயரம், பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு தடவை அது கீழே வரவில்லை. பெஞ்சுக்கு மேலே நீண்டிருந்த கிளையில் மாட்டிக்கொண்டு ஒரு காக்கைக் கூடுபோல உட்கார்ந்துவிட்டது.

டீச்சர் வீட்டுக் குல்லாய். நான் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தேன். பூங்காவில் எல்லோரும் திரும்பினார்கள். மாமா பதறி ஓடி வந்தார். அவர் குள்ளம். ஒருமுறை எம்பினார், இரண்டாவது முறை ஓடி வந்து எம்பினார். டெர்லின் சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி புல்லில் விழுந்தது. காலேஜ் பையன்கள் கைதட்டினார்கள். அப்பா எழுந்து கம்பு ஏதாவது கிடைக்குமா என்று அங்குமிங்கும் தேடினார். நான் இன்னும் பெரிதாக அழுதேன்.

அப்போது சாலையோரம், மரங்களுக்கு அந்தப்பக்கம், ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதை நானும் பார்த்தேன். யாரும் அதிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் கீழே இறக்கினார்கள். மாமாவும் அப்பாவும் குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். அவள் கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. அக்காவும் அந்தப் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு எழுந்தாள்.

"உக்காரு. உக்காரு சாமி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. அக்கா மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். குனிந்து எழவில்லை. தோளை உள்ளே வாங்கவில்லை. நேராக எழுந்து, நேராக நின்று, கையை உயர்த்தினாள். பட்டுச்சேலையின் ஜரிகை தோளிலிருந்து கால்வரை ஒரே கோடாக மின்னியது. அக்கா அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குதிகாலைக்கூட உயர்த்தாமல் கிளையிலிருந்து குல்லாயை எடுத்து, ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, என் தலையில் மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"இனி எறியாத" என்றாள். அவ்வளவுதான்.

உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை. அந்தக் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போகிறவரை மரத்தடியில் அப்படியே நின்றாள். கார் போனதும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, நான் பெஞ்சில் வைத்திருந்த மீதிக் கதிரை எடுத்துக் கடித்தாள். அம்மா இம்முறை தடுக்கவில்லை.

மாமா மட்டும் இருட்டும்வரை வாசலில் நின்றார். பூங்காக்காரர் வந்து மணி அடித்த பிறகும், "வழியில ஏதாச்சும் ஆகியிருக்கும், மலைப்பாதையில்லீங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படகு அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. நான் லாட்ஜுக்கு அழுதுகொண்டே நடந்தேன். என் அழுகையைச் சமாதானப்படுத்த அன்றைக்கு யாருக்கும் தெம்பில்லை. அக்கா பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தவுடன் தூங்கிப்போனாள். அப்படி அசந்து தூங்கியவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காலையில் மாமா எங்கேயோ போய் விசாரித்துவிட்டு வந்தார். தூக்குப்போசியில் டீ வாங்கி வந்திருந்தார். அம்மாவும் அப்பாவும் லாட்ஜ் வராந்தாவில் நின்று குடித்தார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று வர்க்கியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

"வந்தாங்களாம்க்கா" என்றார் மாமா. "கார்ல இருந்தே பாத்துட்டுப் போயிட்டாங்களாம். எறங்கலியாம்."

அப்பா டீ டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "சொல்லியனுப்பறேன்னாங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அந்தக் காரில் வந்தவர்களை நினைத்து ரொம்பப் பரிதாபமாக இருந்தது. அவ்வளவு தூரம் மலையேறி வந்து, ஏரியைக் காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூங்காவுக்குள் வரவில்லை, படகு ஏறவில்லை, ஒரு கதிர்கூட வாங்கித் தின்னவில்லை. இப்படியும் இருப்பார்களா? இதை நான் அப்பாவிடம் சொன்னேன். "ஆமா சாமி. பாவம் அவங்க" என்றார் அப்பா.

மாமா அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிப் போனார். பட்டறையில் அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். போகும்போது அக்காவுக்கு எதிரில் நின்று கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அக்காதான், "பாத்துப் போங்க மாமா. சட்டைய உள்ள விட்டுக்கங்க" என்றாள்.

லாட்ஜுக்கு இரண்டு நாளைக்குச் சேர்த்தே கட்டியிருந்தார்கள். முதல் நாளுக்குத்தான் அவ்வளவு திட்டமும். இரண்டாம் நாள் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் அந்த நாள் நன்றாக இருந்தது. மூக்கு முட்டப் பூரி தின்றோம். அக்கா பழைய நூல்சேலையும் செருப்புமாக, கையை வீசிக்கொண்டு நடந்தாள். ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தோம். சேலம் முழுக்க வெயில் புகையில் மங்கிக் கிடந்தது. நம் ஊர் எங்கே என்று கேட்டேன். அப்பா ஏதோ ஒரு திசையைக் காட்டினார். அக்கா வேறு திசையைக் காட்டினாள். இரண்டும் தப்பு என்றாள் அம்மா.

மதியம் ஏரிக்கரைக்கு வந்தபோது எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தோம். அந்த பெஞ்சுப் பக்கம் போகவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தோம். அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தார். பட்டப்பகலில், எந்த வேலையும் இல்லாமல், ஆகாயத்துக்குக் கீழே அப்பா படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை. பெரியவர்களுக்குச் சந்தோஷம் வந்தால் இப்படித்தான் படுப்பார்கள்போல என்று நினைத்தேன்.

படகுச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். துண்டுக்கு அடியிலிருந்தே அப்பா சொன்னார்:

"அம்மிணி, தங்கச்சியக் கூட்டிட்டுப் போயி நில்லு சாமி."

அக்கா எழவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னாள்:

"இனிமேல் நான் நிக்க மாட்டேனுங்கப்பா."

அப்பா துண்டை எடுத்தார்.

"யாரு முன்னாலயும் போயி நிக்க மாட்டேன். உக்காரவும் மாட்டேன். டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனுப் போடறேன். கெடச்சாப் படிக்கறேன், கெடைக்கலீன்னா காட்டு வேல செய்யறேன். அவ்வளவுதானுங்க."

அம்மா அப்பாவையே பார்த்தாள். நான் வரிசையைப் பார்த்தேன். அது நீண்டுகொண்டே போனது. அப்பா எழுந்து உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. கிழங்குச் சுமையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தபிறகு ஒரு முகம் வருமே, அது வந்தது.

"செரி சாமி" என்றார். "நிக்க வேண்டாம்."

பின்னாளில் அக்கா டீச்சரானதையும், வெகுகாலம் கழித்து அவளோடு வேலை பார்த்த ஒருவர், அவளைவிடக் கொஞ்சம் குள்ளமானவர், நேராக அப்பாவிடமே வந்து கேட்டதையும் சொல்ல ஆரம்பித்தால் அது பெரிய கதை. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறாள், அப்பாவும் சரி என்றுவிட்டார், இன்றைக்கும் படகு போய்விட்டது என்பதுதான். வரிசையில் நிற்பதற்குப் போய் டீச்சர் ட்ரெயினிங் எதற்கு என்று விளங்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காரியம் ஆகாது என்று முந்தின நாளே தெரிந்திருந்ததால் வேறு வழி யோசித்தேன்.

"அக்கா நிக்காட்டிப் போகுது. அக்காளுக்குப் பதுலா நான் போயி நிக்கறேன்" என்றேன்.

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அடிக்கத்தான் வந்தது, பாதியில் அப்படி மாறிவிட்டது என்று நினைக்கிறேன். அந்தக் கையோடேயே என்னை மடியில் இழுத்துப்போட்டு, மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டாள். அவள் கன்னம் என் உச்சந்தலையில் அழுந்தியது.

"நீயும் நிக்க வேண்டாம்" என்றாள். "நீயும் நிக்க வேண்டாம் சாமி."

நான் நெளிந்து விடுவித்துக்கொண்டேன். அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டுச் சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையின் கடைசியில் ஒரு தடித்த மனிதருக்குப் பின்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு படகுச் சீட்டுக்கு இவர்கள் எதற்காக இப்படி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இடம் பிடித்துவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்று இங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினேன்.